உணக்குப்பாறைச் சாட்சி

ஓணம் கழிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை, மழை கொஞ்சம் ஓயும் நேரம் பார்த்து, ஐக்கிய வாசகசாலைப் புத்தகங்களை உணக்குப்பாறையில் வெயில் காயப் போடுவார்கள். கொல்லயிலிலிருந்து குன்னத்துகால் போகும் வழியில் இரண்டு ஏக்கர் அளவுக்கு மல்லாந்து கிடக்கும் பாறை அது. வேனல் காலத்தில் மரச்சீனிக் கிழங்கு காயும், அறுப்புக் காலத்தில் அவித்த நெல் காயும். வருஷத்தில் ஒரு நாள் புத்தகம் காயும்.

பூச்சி விரட்டும் வேலையாகத்தான் இது தொடங்கியது. காயப் போட்டதை ஆடு தின்னாமல் ஆள் காவல் இருக்க வேண்டும். சும்மா இருக்க முடியாமல் காவல்காரர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். புரட்டியவர்கள் பேசினார்கள். பேச்சு வளர்ந்து, பாய் விரித்து, மரச்சீனியும் மீன்கறியும் வைத்து, பத்து வருஷத்தில் அது புத்தகத் திருநாள் ஆகிவிட்டது. மிஷன் கோயில்காரர்கள் தங்கள் வழக்கத்திலிருந்து சாட்சி சொல்வதைக் கொண்டுவந்தார்கள். வாசித்தவர் எழுந்து நின்று, இன்ன புத்தகம் வாசித்தேன், இன்னது பிடித்தது, இன்னது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகாத வீட்டுக்காரர்களும் இதை நல்ல ஏற்பாடு என்று ஒத்துக்கொண்டார்கள். வாசிக்காத புத்தகத்துக்குச் சாட்சி சொன்னால் ஒரு வருஷம் புத்தகம் கிடையாது. அதில் மட்டும் தயவுதாட்சணியம் இல்லை.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் செயலாளர் வேதமாணிக்கம் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார். அவருக்குப் புத்தகம் என்றால் உயிர். உயிர் என்றால் அட்டை, முதுகு, நம்பர், உள்ளே ஒட்டிய சீட்டு இவற்றின் மேல். அதைத் தாண்டி உள்ளே போக அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. திருநாளில் பேர் சொல்லி ஆள் கூப்பிடுவது அவர் வேலை என்பதால், அவரைச் சாட்சிக்கு யாரும் கூப்பிட்டதும் இல்லை.

வாசித்தது அவர் மனைவி ஆனந்தபாய். வாசகசாலைக் கூரை ஒழுகுவதால் ஆனி மாதமே இரண்டு அலமாரிகளும் சார் வீட்டு முன்னறைக்கு வந்துவிடும். ஒன்றில் மலையாளம், மற்றதில் தமிழ். அவள் இரண்டிலும் கைவைப்பாள். நெல் அவியும்போது அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாசிப்பாள். சாட்சி மட்டும் சொன்னதில்லை. அங்கே மரச்சீனி அவிக்க ஆள் வேண்டுமே.

நான் சொல்லுவது மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த வருஷம். தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி அது. ஆனந்தபாயின் தம்பி ராஜப்பன் அதில் இருந்தான். ஆடிக் கடைசியில் மார்த்தாண்டத்தில் ஆட்கள் செத்து விழுந்த பிறகு, இன்று ஒரு வீடு நாளை ஒரு வீடு என்று ஒளிந்து திரிந்தான். போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷத் திருநாளுக்கு ஒரு விசேஷம் இருந்தது. அச்சில் வந்த புத்தகங்களுக்கு நடுவே, முதல்முறையாக உள்ளூர்க்காரன் ஒருவன் எழுதிய கதையை வாசிக்கப் போகிறார்கள். எழுதியவன் பரமசிவன், ஓட்டு வண்டிக்காரன். சூளையில் ஓடு ஏற்றும்வரை காத்திருக்கும் நேரத்திலும், போன இடத்தில் இறக்கும்வரை காத்திருக்கும் நேரத்திலும் நாலு வருஷமாக எழுதியது. நோட்டை மெழுகுத்துணியில் பொதிந்து, மழைத்தண்ணீர் இறங்காதபடி சாக்கு ஊசியால் மூன்று பக்கமும் தைத்து, ஆனி மாதம் சாரிடம் கொடுத்தான். பத்தாம் நாள் வந்து கேட்டான்.

"கொள்ளாம் பரமசிவா, கொள்ளாம்," என்றார் சார். "ரெண்டு தடவ வாயிச்சாச்சு. வரி வரியாட்டு மனசில கெடக்கு."

பரமசிவன் அன்று வண்டியில் ஏறாமல் காளைகளோடு நடந்தே வீட்டுக்குப் போனான். அவ்வளவு சந்தோஷம். அவன் போன பிறகு ஆனந்தபாய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். மெழுகுத்துணியில் போட்ட தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அவள்தான் அரிவாள்மணையில் வைத்து அதை அறுத்து, நோட்டை எடுத்து, இரண்டு தடவை வாசித்தாள். அவளுக்கு அது பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி பாதியில் போலீஸ் வந்தது. அவள் முற்றத்தில் பெரிய செம்புப் பானை ஏற்றிப் புதுநெல் அவித்துக்கொண்டிருந்தாள். தேங்காய்க் கதம்பை ஈரமாக இருந்ததால் புகை கண்ணைக் கரித்தது. சார் பள்ளிக்கூடத்தில். கீழே வயல்வரம்பில் மூன்று சிவப்புத் தொப்பி வரிசையாக வருவதைப் பார்த்தாள். அவர்கள் மேடேறி வரப் பத்து நிமிஷம் ஆகும். வீட்டுக்குள் ராஜப்பன் இல்லை. ஆனால் நோட்டு இருந்தது.

பரமசிவன் கள்ளம் தெரியாதவன். கதையில் வரும் பெண் ஒருத்தி மூன்று வாரம் ஊர் ஊராக நடக்கிறாள். எந்த வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள், எந்த வீட்டில் படுக்கப் பாய் கொடுத்தார்கள் என்று அவன் உண்மையான வீட்டுப்பேரையும் ஆள்பேரையும் போட்டே எழுதியிருந்தான். இருபத்திமூன்று வீடு. ஊரார் தங்கள் பேரைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தான். அந்த மாதத்தில், தமிழில், கையெழுத்தில், ஒளிந்து திரிகிற ஆட்களை வைத்துக் காப்பாற்றும் வீடுகளின் பட்டியல் போலவே அது இருந்தது. ஏட்டு கையில் அது கிடைத்தால் அந்த இருபத்திமூன்று வீட்டிலும் அடி விழும். ஆனந்தபாய் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து செம்புக்கு அடியில் தள்ளினாள். மெழுகுத்துணி சீக்கிரம் பிடித்தது. தாள்தான் கட்டியாக நின்று மெதுவாக எரிந்தது. தென்னங்கொதும்பால் குத்திக் குத்திப் பிரித்துவிட்டாள்.

"ராஜப்பன் எவிடெ?" என்றார் ஏட்டு.

"இவிட வந்நிட்டில்ல," என்றாள்.

ஏட்டு கட்டிலுக்கு அடியில் பார்த்தார், நெல் பத்தாயத்தில் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். அலமாரிப் பக்கம் போகவே இல்லை. போனது கிருஷ்ணன்குட்டி என்ற இளவயசுக் கான்ஸ்டபிள் ஒருவன்தான். மலையாள நாவல் ஒன்றை எடுத்து நின்றபடியே நாலு பக்கம் வாசித்தான். கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தரலாமா என்று கேட்டான். ஆனந்தபாய் பதிவு நோட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அவர்கள் போனதும் அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வீணாக எரித்துவிட்டோமே என்று சாம்பலைக் கொதும்பால் கிளறிக்கொண்டே இருந்தாள். நெல் வெந்து வெடித்துக் குழைந்து போயிற்று. அந்தச் செம்பு நெல்லைக் கோழிக்குத்தான் போட முடிந்தது.

இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று ஒரு மாதம் போயிற்று. திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், வாசகசாலைத் தலைவர் தாணுமாலயன் வீட்டிலிருந்து பாயும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு பரமசிவன் வந்தான். அவள் முற்றத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாரு எங்க?"

"பாறையில தூத்து வாரப் போயிருக்காரு."

"நாளைக்கு எனக்க கதைய ஆரு வாயிக்குதது? சாரு வாயிச்சா மதி. தாணுமாலயன் அண்ணன் வாயிச்சா எல்லாத்தையும் பிரசங்கமாட்டு ஆக்கிப் போடுவாரு. கிருஷ்ணம்மைக்குப் புதுத்துணி எடுத்துக் குடுத்திருக்கேன். அவளுக்கு எழுத்து அறியாது. கேக்கட்டுமே."

"பரமசிவா, வண்டிய விட்டு எறங்கு."

"எதுக்கு?"

"எறங்குண்ணு சொல்லுதேன்."

இறங்கினான்.

"அந்த நோட்டு இப்பம் இல்ல. எரிஞ்சு போச்சு."

அவன் அவளையே பார்த்தான்.

"அதுவாட்டு எரியல்ல. நானாக்கும் எரிச்சது. போலீசு வந்த அண்ணைக்கு. நீ ஆளுக்க பேரும் வீட்டுப் பேரும் எழுதி வச்சிருந்த. அவனுவ கண்டா என்ன ஆவும்? நெல்லு அவிக்குத அடுப்பில வச்சேன்."

"முழுசுமா?"

"முழுசும்."

"அட்டை?"

"அட்டையும்."

பரமசிவன் நுகத்தடியில் கைவைத்துச் சாய்ந்தான். காளை தலையை ஆட்டியது. அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

"போலீசு அதக் கேட்டானா?"

"கேக்கல்ல. பொஸ்தகம் ஒண்ணையும் தொடல்ல."

"பின்ன இந்நாள் வரைக்கும் எதுக்கு என்கிட்டச் சொல்லல்ல?"

"பயம்."

"போலீசுக்கா?"

"உனக்கு."

அவன் மூக்கைச் சிந்தினான். "நாலு வருசமாக்கும் அக்கா. நீங்க செய்தது சரிதான். எவனுக்கும் அடி விழப்படாது. எண்ணாலும் நாலு வருசம்."

"எனக்கு மன்னிப்புக் கேக்க வாயில்ல."

"அதெல்லாம் வேண்டாம்." அவன் முகம் மெல்லத் தெளிந்தது. "ஒரு காரியம் உண்டு. சாரு ரெண்டு தடவ வாயிச்சிருக்காரு. வரி வரியா மனசில கெடக்குண்ணு சொன்னாரு. நாளைக்குப் பாறையில அவரு கதையச் சொல்லட்டு. நான் எதுத்தாப்பில இருந்து எழுதி எடுத்துக்கிடுதேன். எழுதினவனுக்கு மறக்கும், வெட்டினது எது வச்சது எதுண்ணு குழம்பும். வாயிச்சவருக்கு மறக்காது. அவரு இருக்கதுகொண்டு நான் பிழைச்சேன்."

ஆனந்தபாய்க்குச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவன் பாயை இறக்க ஆரம்பித்திருந்தான், சீட்டியடித்துக்கொண்டு. அவள் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்து சார் வந்தார். கால் கழுவும்போதே சொன்னாள். முதலில் அவருக்குக் கோபம் வந்தது.

"வாசகசாலைக்க முதலாக்கும் அது. என்கிட்டக் கேக்காம எப்பிடி எரிப்ப?"

"அது பெறவு. நாளைக்கு நீங்க கதை சொல்லணும்ணு அவன் சொல்லிட்டுப் போறான்."

"நான் எப்பிடிச் சொல்ல?"

"வாயிச்சவருதானே?"

சார் துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதிக நேரம் துடைத்தார்.

"நேரம் கிட்டல்ல, ஆனந்தி."

"கேட்டியளா, ரெண்டு தடவண்ணு சொன்னது நீங்க."

"ஒரு பாவப்பட்ட மனுசனுக்குத் தைரியம் குடுக்கச் சொன்னது. வண்டிக்காரன் எழுதுதான். அதே பெரிய காரியம். அவனுக்குத் தேவை ஒரு நல்ல வாக்கு. அதக் குடுத்தேன். அதில என்ன தெற்று?"

"இப்பம் அவனுக்குத் தேவை கதை."

"நீ வாயிச்சியா?"

"வாயிச்சேன்."

"அப்பம் சொல்லு, கேட்டுக்கிடுதேன்." அவர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சொல்லத் தொடங்கினாள். செல்லையன் என்று ஒரு வண்டிக்காரன், அவன் காளைக்குக் கால் நொண்டி, பேர் வெள்ளையன்.

"ஆருக்கு வெள்ளையன்? காளைக்கா, ஆளுக்கா?"

"காளைக்கு."

"செல்லையன், வெள்ளையன். எதுகை கொள்ளாம்," என்று எழுதிக்கொண்டார். "பெறவு அவன் என்ன செய்யுதான்? சுருக்கமாட்டுச் சொல்லு."

அதற்குள் பெஞ்சு எத்தனை வேண்டும் என்று கேட்டுக் மிஷன் கோயிலில் மணியடிக்கும் கோயில்குட்டி ஜெயசிங் வந்தார். சார் எழுந்து போனார். பெஞ்சுப் பேச்சு அவருக்குப் பிடித்த பேச்சு. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மேற்கொண்டு கதை கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது. பாய் பாயாகப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் மேலும் காற்றுக்குப் பறக்காமல் ஒரு சரல்கல். இரவல் போயிருந்ததெல்லாம் திரும்பி வந்தது. எண்ணெய் பட்டது, காப்பி பட்டது, சாணி பட்டதுகூட வந்தது. பாறைச் சரிவில் பெண்கள் மரச்சீனி அவித்தார்கள். பலா மரத்து நிழலில் இருநூறு பேர் இருந்தார்கள். சாட்சிகள் நடந்தன. ஓமனா என்ற நெசவுக்காரி ஒரு துப்பறியும் நாவலுக்குச் சாட்சி சொன்னாள். திருடன் யார் என்று முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதால் அது ஆகாது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பரமசிவன் முன்வரிசையில் புது நோட்டு ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கிருஷ்ணம்மா, கஞ்சி மொடமொடப்புப் போகாத துணியில்.

இந்தத் தடவை தாணுமாலயனே சாரைப் பேர் சொல்லிக் கூப்பிட, சார் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"பரமசிவன் எழுதிய கதையை நான் இரண்டு தடவை வாசித்தேன். அருமையான கதை. தமிழுக்குக் கிடைத்த செல்வம். அதைக் கையில் எடுத்து இங்கே வாசிக்கும் பாக்கியம் நமக்கு இல்லை. காரணம், சர்க்கார் அதை விட்டுவைக்கவில்லை. போலீஸ் என் வீட்டுக்குள் புகுந்து, ஒரு ஏழைத் தொழிலாளி எழுதிய தமிழை, அது தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக, நெருப்பில் போட்டுக் கொளுத்தியது. துக்கத்தால் எனக்கு மேற்கொண்டு பேச வரவில்லை."

உட்கார்ந்தார். பின்னால் யாரோ கோஷம் போட, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தாணுமாலயன் ஓடிவந்து பரமசிவன் தோளில் தன் நேரியல் துண்டைப் போட்டார். இதுவரை அவனை வண்டிக்காரன் என்று மட்டும் அறிந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இவ்வளவு பேர் ஒரு கதைக்காக அழுது அந்தப் பாறை பார்த்ததில்லை. அதில் ஒருவர்கூட அதை வாசித்தவரில்லை.

அந்த நேரம் பார்த்து, பாறையின் வடக்கு ஓரமாக வேட்டி கட்டிக்கொண்டு ஒருவன் ஏறி வந்தான். கையில் புத்தகம். கான்ஸ்டபிள் கிருஷ்ணன்குட்டி, வாங்கின நாவலைத் திருநாளுக்குத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். முகம் தெரிந்த இரண்டு பேர் அவனைக் காட்டினார்கள். கூட்டம் அப்படியே திரும்பியது.

"எலே, இவனாக்கும் சாருக்க வீட்டுக்குப் போனவன்."

"ஞான் ஒந்நும் கத்திச்சிட்டில்ல," என்றான் அவன், புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "ஞான் இது மாத்ரமே எடுத்துள்ளூ. ஒப்பிட்டிட்டா எடுத்தத." எதையும் எரிக்கவில்லை, கையெழுத்துப் போட்டு இதை மட்டும்தான் எடுத்தேன் என்று கெஞ்சினான்.

யாரோ அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தார்கள். ஒருவன் சரல்கல்லைக் கையில் எடுத்துவிட்டான். அடுப்படியிலிருந்து ஆனந்தபாய் கரண்டியோடு வந்தாள்.

"அவன விடுங்க. போலீசு எரிக்கல்ல. நானாக்கும் எரிச்சது."

சார் தலையைக் குனிந்துகொண்டார். எப்படி எரித்தாள், எதற்கு எரித்தாள் என்று அவள் சொன்னாள். இருபத்திமூன்று வீட்டுப் பேர் என்றதும் கல் எடுத்தவன் கல்லைக் கீழே வைத்தான். அவன் வீடும் அதில் உண்டு. கிருஷ்ணன்குட்டி புத்தகத்தைப் பாயில் வைத்துவிட்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றான்.

தாணுமாலயன் நேரியலைத் திருப்பி எடுப்பதா என்று யோசித்தார். பரமசிவனே எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அக்கா நேத்தே என்கிட்டச் சொல்லியாச்சு," என்றான். "எரிச்சது ஆராயிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். சாரு போலீசுண்ணு சொன்னது அக்காவக் காப்பாத்தச் சொன்னதாயிருக்கும். அது கெடக்கட்டு. சார், நீங்க கதையச் சொல்லுங்க. நான் எழுதுதேன்."

சார் எழுந்தார்.

"எங்க இருந்து வேணும்னாலும் தொடங்குங்க. காளைய விக்குத இடம் போதும்."

சார் ஜிப்பாப் பையில் கையை விட்டார். நேற்று எழுதின காகிதம் இருந்தது. அதில் இரண்டு பேர்தான் இருந்தது. "செல்லையன்," என்றார். "வெள்ளையன்." பிறகு வாய் திறந்தபடி நின்றார்.

பரமசிவன் பென்சிலை நோட்டில் ஊன்றிக் காத்திருந்தான். ஒரு வரி வரும் என்று தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். வராததால் நிமிர்ந்தான். சார் முகத்தைப் பார்த்தான். எரிந்தது என்று கேட்டபோதுகூட அவன் முகம் அப்படிப் போகவில்லை.

"வாயிக்கல்லியா, சார்?" என்று மெதுவாகக் கேட்டான்.

இருநூறு பேர் முன்னால், சட்டம் போட்ட மனிதர் நின்றார். பொய் சொல்ல இன்னும் வழி இருந்தது. வயசாகிவிட்டது, மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல," என்றார். "தையல்கூடப் பிரிக்கல்ல."

சொல்லிவிட்டு மேடைப் பெஞ்சை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்கும் அப்பால் போய்ப் பாறையில் உட்கார்ந்தார். பரமசிவன் நோட்டை மூடினான். கிருஷ்ணம்மா அவன் கையைத் தொட்டு, நமுக்குப் போவாம் என்றாள்.

"நான் வாயிச்சேன்," என்றாள் ஆனந்தபாய். "ரெண்டு தடவ. நான் சாட்சி சொல்லுதேன்."

அவள் புருஷன் அவமானப்பட்டது அவளுக்கு வலித்தது. ஆனாலும் பரமசிவன் நோட்டை மூடினதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கரண்டியை ஓமனா கையில் கொடுத்தாள்.

"செல்லையன் நொண்டிக் காளையக் களியிக்காவிளைச் சந்தையில மாடு அறுக்குதவனுக்கு வித்துப்போட்டு, அது செத்துப் போச்சுண்ணு பெண்டாட்டிகிட்டப் பொய் சொல்லுதான். அவளுக்குத் தெரியும். ஒண்ணும் பறையல்ல. விடிஞ்சதும் காளையத் தேடி எறங்கி நடக்குதா. மொதல்ல எங்க போறா? நம்ம தாணுமாலயன் அண்ணன் வீட்டுக்கு. அங்க கஞ்சி குடுக்குதாவ. உப்பு இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தாணுமாலயனும் சிரிக்க வேண்டியதாயிற்று. பரமசிவன் நோட்டைத் திறந்தான்.

அவள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். பிடிக்காத இடத்தையும் சொன்னாள். நடுவில் கோயில் கொடைக்கு என்று பத்துப் பக்கம் வருவது வேண்டாத வேலை என்றாள். அவன் தலையாட்டிக் குறித்துக்கொண்டான். வெயில் உச்சிக்கு வந்தது. மரச்சீனி வெந்துவிட்டது என்று யாரோ சொன்னதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கிருஷ்ணன்குட்டியும் ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வாரம் கழிச்சு அமரவிளைச் சந்தையில காளையக் காணுதா," என்றாள். "இருபது முப்பது மாட்டோட கெட்டியிருக்கு. இவ பேரு சொல்லி விளிக்குதா."

"அது இவளத் திரும்பிப் பாக்கும்," என்றான் பரமசிவன், எழுதிக்கொண்டே.

"இல்ல. பாக்கல்ல."

"பாக்கும் அக்கா. பாத்துத் தலைய ஆட்டும்."

"நீ அப்பிடி எழுதல்ல. அவ விளிக்குதா, அது புல்லத் தின்னுக்கிட்டு நிக்கு. திரும்பல்ல. அந்த எடத்திலயாக்கும் எனக்கு அழுகை வந்தது."

பரமசிவன் பென்சிலை எடுத்துவிட்டு யோசித்தான். "நானா அப்பிடி எழுதினேன்?"

"நீதான்."

அவன் எழுதினதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் எழுதி முடிக்கட்டும் என்று நின்றாள். காற்றில் புத்தகத் தாள்கள் மட்டும் புரண்டன.

"பெறவு?" என்று கடைசி வரிசைக்கும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அது வேதமாணிக்கம் சார்.